துரையண்ணன் விட்டுக்கொடுக்காத அடி

விடியற்காலையில் நசீர் தொலைபேசி எடுத்தால் அதற்கு ஒரே பொருள்தான்: எங்கோ ஒரு பழைய இசைத்தட்டு அகப்பட்டிருக்கிறது. அதனால், செங்கலடிச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்ற நான் சுகம்கூட விசாரிக்காமல், "எங்க கிடைச்சது?" என்றேன். காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் நசீர், வார்த்தைக்கு வார்த்தை 'கா' போட்டு வாய் ஓயாமல் பேசும் மனிதர், அன்று இரண்டே வரியில் முடித்தார். "கிடைக்கல்லகா. துரையண்ணன் மோசம் போயிட்டார்," என்றார். அந்தச் சாவுச் செய்தியைக் கேட்டபின் மீன்பையை எங்கே வைத்தேன் என்பது இன்றுவரை தெரியாது. கிடைத்த பஸ்ஸில் ஏறித் தேற்றாத்தீவுக்குப் போனேன்.

துரையண்ணன் என்ற துரைராஜா நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தேற்றாத்தீவில் ஒருவர் ஜாஸ் இசைத்தட்டுச் சேர்த்தார் என்றால் வெளியூரார் நம்பமாட்டார்கள். உள்ளூரார் நம்பினார்கள், அவர்களும் அதைக் கேட்டே தீரவேண்டியிருந்தது. ஞாயிறு தோறும் நானும் நசீரும் அவர் முன்னறையில் கூடுவோம். "ஜாஸ் கேக்கிறதுக்கு ரெண்டு காதும் ஒரு மூடின வாயும் வேணும்," என்பார். அதைச் சொன்ன கையோடு அவர் பேசத் தொடங்கினால், பாட்டு முடிந்துதான் நிறுத்துவார்.

நமது வெயிலுக்கு இசைத்தட்டு அப்பளம்போல வளைந்துவிடும். அதற்கு அவரிடம் வைத்தியம் இருந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே தட்டை வைத்து, மேலே நெல்மூட்டையை ஏற்றிவிடுவார். தட்டு நிமிரும்வரை அந்த மூட்டையை யாரும் அசைக்கக்கூடாது. சொந்த வயலில் விளைந்த நெல் வீட்டில் இருக்க, அவர் மனைவி புவனாக்கா கடையில் அரிசி வாங்கிச் சமைத்தார். "எங்கட நெல் பாட்டுக் கேக்குது, கடை அரிசி எங்களுக்கு," என்று சொல்லிக்கொண்டே எங்களுக்குச் சோறு போடுவார்.

துரையண்ணனின் செல்வங்களில் தலையாயது ஓர் அமெரிக்க நால்வர் குழுவின் இசைத்தட்டு. முதல் பதிப்பு. அதில் ஓரிடத்தில் சாக்சபோன்காரர் மூச்சு வாங்க நிறுத்துவார். பியானோ இன்னும் தொடங்கியிராது. அந்த இடைவெளியில் 'டொக்' என்று ஒரே ஒரு அடி விழும். துரையண்ணன் கண்ணை மூடிக்கொண்டு விரலை உயர்த்துவார். "டிரம்காரன்ட அடியைப் பார்த்தீங்களா? தாளத்துக்குள்ளயும் இல்ல, வெளியிலயும் இல்ல. உலகத்தில வேற ஒருத்தனும் அடிக்கமாட்டான்." நாங்களும் தலையாட்டி, அந்த அடியைப் போற்றிப் பல ஞாயிறுகளைப் போக்கினோம்.

வினை என் உருவில் வந்தது. அதே தட்டின் புதிய மறுபதிப்பைக் கொழும்பில் வாங்கி, வீட்டில் போட்டுக் கேட்டேன். எல்லாம் இருந்தது. அடி மட்டும் இல்லை. நசீரை அழைத்துக் கேட்கச் சொன்னேன். அவர் இரண்டு முறை கேட்டுவிட்டு, "அப்ப, அது கீறல்," என்றார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தேநீர் குடித்தோம்.

துரையண்ணனிடம் நான் மெல்லத்தான் தொடங்கினேன். நசீர் என் தொடையைக் கிள்ளியும் வாய் நிற்கவில்லை. "மறுபதிப்பு எண்டா கழுவிப்போட்ட மீன்கறி!" என்று எழுந்துவிட்டார் துரையண்ணன். "கம்பனிக்காரன் அடியைக் களவெடுத்துப்போட்டான். அந்தத் தட்டு இந்த வாசப்படி ஏறக்கூடாது." தட்டு ஏறவில்லை. சில மாதங்கள் நானும் ஏறவில்லை.

எங்களைச் சேர்த்துவைத்தது பாசிக்குடாவில் ஒரு விடுதியில் நடந்த கச்சேரி. கொழும்பிலிருந்து வந்த இளைஞர்கள் அந்தப் பாட்டையே வாசித்தார்கள். அடி விழவில்லை. இடைவேளையில் துரையண்ணன் நேரே மேடைக்குப் போய், "தம்பி, ஒரு அடியை விட்டிட்டீங்க," என்று இடத்தையும் பாடிக் காட்டினார். டிரம் வாசித்தவர் பெரியவர் சொல்லைத் தட்டாத பிள்ளை போலிருக்கிறது. பிற்பகுதியில் பாட்டை மறுபடி எடுத்து, அந்த இடத்தில் குச்சியால் 'டொக்' என்று போட்டார். துரையண்ணன் எங்கள் பக்கம் திரும்பிய திரும்பலை என்னால் எழுத இயலாது. இறால் தின்றுகொண்டிருந்த வெள்ளைக்காரத் தம்பதியும் சேர்ந்து கைதட்டினார்கள். இனி இதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று நானும் நசீரும் வழியிலேயே முடிவு செய்துகொண்டோம்.

பிரேதப் பெட்டியை மூடுமுன் புவனாக்கா உள்ளே போய், அந்த முதல் பதிப்பைக் கொண்டுவந்து அவர் நெஞ்சில் வைத்தார். நசீர் வாய்விட்டு அழுதார். எவ்வளவு பாசம் என்று சனம் மெச்சியது. பாசம்தான், ஆனால் அந்த அழுகையில் பாதி தட்டுக்கு என்பது எனக்குத் தெரியும். என் அழுகையும் அப்படித்தான்.

முப்பத்தோராம் நாள் காரியச் சாப்பாடு முடிந்து சனம் கலைந்தபின், "அவர்ட பாட்டை ஒருக்காப் போடுங்க," என்றார் புவனாக்கா. மண்ணுக்குள் போனது போக, மிஞ்சியது என் பைக்குள் இருந்த மறுபதிப்பு மட்டுமே. அது முதல் தடவையாக அந்த வாசற்படி ஏறியது. சாக்சபோன் ஓய்ந்தது. நாங்கள் இருவரும் நிலத்தைப் பார்த்தோம்.

'டொக்.'

புவனாக்கா தன் சாவிக்கொத்தை மேசையில் போட்டிருந்தார். நூலிழை பிசகாமல், அதே இடத்தில்.

"கலியாணம் கட்டின புதுசில, தட்டு சுத்திக்கொண்டிருக்கக்குள்ள இது என்ட கையால அதுக்கு மேல விழுந்திட்டு," என்றார். "நான் அழுதுபோட்டன். 'அழாத புள்ள, இப்பதான் அடி சரியா விழுந்திருக்கு' எண்டார். நீங்க வந்து கேட்டதும், நான் சங்கடப்படுவன் எண்டு, டிரம்காரன்ட அடி எண்டு சொல்லிப்போட்டார். மறுகா எத்தினை வருசம் போயும் அவரால அதை விட ஏலல்ல."

நசீர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு மூவரும் சிரித்தோம். சிரிப்பு ஓய்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது. எங்களிடம் ஏமாளிபோல நின்று, சிநேகிதனோடு பகைத்து, கச்சேரி மேடைவரை போய் அந்த மனிதர் காப்பாற்றியது தன் காதையல்ல.

துரையண்ணனிடமிருந்து எனக்கென்று எஞ்சியது அந்த ஓர் அடி. வீட்டில் மறுபதிப்பைப் போடும்போதெல்லாம் மனைவியின் சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கி, மேசைக்கு மேலே பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். இன்னும் ஒரு தடவைகூடச் சரியாக விழவில்லை. "கொஞ்சம் பிந்திட்டுகா," என்கிறார் நசீர்.