பெயர் தெரிந்த காய்ச்சல்

அந்த மழைக்காலத்தில் காஞ்சிபுரத்திலிருந்த எங்கள் அரசு ஆய்வகத்தில் ரத்தம் எடுக்க நான் ஒருத்திதான். வந்தவர்களில் பாதிப் பேருக்கு டெங்கு. மாகறல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை. ஆறு நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை.

"அப்போ எனக்கு என்னதாம்மா?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "பெரிய லேபுக்கு அனுப்பியிருக்கோம்மா" என்றேன். நாடு முழுக்க நோய்களைக் கண்காணிக்கும் நிறுவனத்தின் ஆய்வகம் அது. காரணம் பிடிபடாத காய்ச்சல் என்றால் ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து அங்கே அனுப்புவோம்.

நான்காம் நாள் முடிவு வந்தது. உண்ணிக்காய்ச்சல். புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்து வருவது. அதற்கு முந்தைய நாளே அந்தப் பெண் இறந்துவிட்டார்.

அந்தப் பெரிய ஆய்வகத்திலிருந்து விஞ்ஞானிகள் இருவர் வந்தார்கள். அந்தப் பெண்ணின் ஊர் ஏரிக்கரையில் பொறி வைத்து எலி பிடித்து, அவற்றின் காதிலிருந்த உண்ணிகளைச் சேகரித்தார்கள். உடலில் சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று எங்களை வீடு வீடாகப் பார்க்கச் சொன்னார்கள். இறந்தவரோடு புல்லறுக்கப் போன இரண்டு பெண்களுக்கு இருந்தது. மருத்துவர் அன்றே மாத்திரை கொடுத்தார். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

மறுபடி அந்த ஊருக்குப் போனபோது இறந்தவரின் கணவர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த மாத்திர எங்கருந்து வந்துச்சுமா?"

"நம்ம ஆஸ்பத்திரிலதாண்ணா இருக்குது."

"அப்பவும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "புல்லு அறுத்துக்கினு இருந்தப்ப இடுப்புல என்னமோ கடிச்சிச்சுன்னு சொன்னா. நான்தான் கண்டுக்கல" என்றார். அந்த இடுப்பை நாங்களும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

இப்போது அந்தப் பரிசோதனையை எங்கள் ஆய்வகத்திலேயே செய்கிறோம். வரிசை குறையவில்லை, என் முதுகுவலியும் குறையவில்லை. அன்று பிழைத்த பெண்களில் ஒருவர் போன வாரம் மகளுக்குக் காய்ச்சலென்று வந்தார். "புல்லு மேல உக்காந்துக்கினு இருந்துச்சும்மா, அந்த டெஸ்ட்ட பண்ணிடு" என்று அவரே சொன்னார்.

செய்தேன். இல்லை என்று வந்தது. அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டேன்.