மெஷின் பொறுக்கிய காய்

போடியில் ஏலக்காய் பொறுக்கும் கடையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். நல்ல காயையும், விதை இல்லாத பொக்குக் காயையும் கை தானாகவே பிரித்துப் போடும். வாய் அதுபாட்டுக்கு ஊர்க்கதை பேசும்.

போன வருஷம் முதலாளி கேமரா வைத்த மெஷின் ஒன்றை பாங்குக் கடனில் இறக்கினார். இன்னும் நாலு மெஷின் வாங்கிப் பெரிய கம்பெனி ஆக்க, பெங்களூரிலிருந்து பணம் போட ஆட்கள் வருகிறார்கள் என்று பேச்சு. மெஷினுக்கு நிறம்தான் தெரியும். பொக்கும் வெளியே பச்சைதானே, அதை நல்ல காயோடு சேர்த்துவிடும். அது நல்ல காய் என்று தள்ளியதை எல்லாம் நாங்கள் ஒன்பது பெண்கள் மறுபடி பொறுக்கினோம்.

பெங்களூர்க்காரர்கள் வந்த அன்று முதலாளி எங்களைப் பின்னாலிருந்த சாக்கு ரூமுக்குள் போகச் சொன்னார்.

"அவுக போற வரைக்கும் சத்தம் காட்டாம இருங்க ஆத்தா. இன்னைக்கு ஒரு நாள்தான்."

மெஷினுக்குக் கீழே தட்டில் குவித்து வைத்திருந்தது முந்தின நாள் நாங்கள் பொறுக்கிய காய். எரிச்சலோடுதான் உள்ளே போனேன். மகள் காலேஜில் படிக்கிறாள். இந்தக் கூலியை விட்டால் வேறு வழியில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் பேசுவது நன்றாகவே கேட்டது. வந்தவர்களில் ஒருவர் கேட்டார்: "காய் அருமையா இருக்கே. பொறுக்குறதுக்கு எத்தனை ஆளு?"

"ஆளே கெடையாது சார். எல்லாம் மெஷின்."

ஆளே கிடையாதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தேன். பக்கத்தில் இருந்தவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"சோலி போயிரும்க்கா."

"நம்ம சோலியத்தான் அங்க மெஷின் பேர்ல வித்துக்கிட்டு இருக்காரு."

பிரிக்காத காயை ஒரு முறம் அள்ளிக்கொண்டு வெளியே போனேன். "இத ஓட்டிப் பாருங்க சார்" என்று மெஷினில் கொட்டினேன். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. மெஷின் நல்ல காய் என்று தள்ளிய தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொக்கை மட்டும் எடுத்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி வந்தவர் உள்ளங்கையில் போட்டேன். அத்தனையும் வெறும் தோல். மற்ற எட்டுப் பேரும் கதவருகே வந்து நின்றுவிட்டார்கள்.

வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் காரேறினார்கள். முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தினார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் செய்தது தப்பென்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

பத்து நாள் ராசிங்காபுரத்தில் தக்காளி பறிக்கப் போனேன். அதற்குள், ஒரு கை குறைந்ததால் அரைகுறையாகப் பொறுக்கி அவர் அனுப்பிய லோடு பொக்கு அதிகமென்று திரும்பி வந்துவிட்டது. போன் செய்தார்.

"வெரசா வா ஆத்தா. சென்னையிலருந்து வேற பார்ட்டி பணம் போட வருது. அவுக வர்றன்னைக்கு மட்டும் உள்ள இருந்துக்க."

"வர்றேன் மொதலாளி. ஆனா அன்னைக்கும் மெஷினுக்குப் பக்கத்துலதான் உக்காருவேன். எத்தன ஆளுன்னு கேட்டா ஒம்பதுன்னு சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."