சிசிலியின் டிஸ்க் பெட்டி

1988இல் இலங்கையின் ஹட்டனில் ஓர் அரசாங்கத் தேயிலைத் தோட்ட அலுவலகத்துக்கு, அங்கத்துப் பேச்சில் கந்தோருக்கு, கம்ப்யூட்டர் வந்தது. அதை இயக்கியவர் சிசிலி. றொசல்லப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தாய் தெரேசா கொழுந்து பறித்தவர். சிசிலியின் வேலை அப்போது தற்காலிகம்தான். நிரந்தரமாக்கச் சொல்லி அவர் பெயரை அனுப்ப வேண்டியவர் பெரிய கிளாக்கர் சண்முகராஜா.

சம்பளம் போடும் புரோகிராமை எழுதிக் கொடுத்தவர் ராமநாதன் என்ற கொழும்பு இளைஞர். இன்னொரு கந்தோருக்கு வேண்டுமானால் மறுபடி வாங்க வேண்டும் என்பது பேச்சு.

தீபாவளி நெருங்கியபோது சண்முகராஜா ஒரு வெற்று டிஸ்க்கோடு வந்தார்.

"இதுல ஒரு கொப்பி எடுத்துக் குடு புள்ள. கிளைக் கந்தோர்ல கம்ப்யூட்டர் இருந்தும் கையால சம்பளம் போட்டு முழி பிதுங்குறாங்க."

"அது நம்ம கந்தோருக்கு மட்டும் வாங்குனதுங்க ஐயா."

"பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி அடுப்பு பத்தவைக்கக் கொள்ளி கேட்டா குடுக்குறதில்லையா? நம்ம அடுப்பு அணைஞ்சா போயிருது? ரெண்டு கந்தோரும் அரசாங்கந்தானே!"

"கொள்ளி நம்ம அடுப்புதுங்க. இது அந்த சார் உழைப்பு. எங்கம்மா பறிச்ச கொழுந்த கணக்கப்பிள்ளை தன் சொந்தக்காரி பேர்ல நிறுத்து எழுதுனாரு. எல்லாக் கொழுந்தும் ஒரே பெக்டரிக்குத்தானே போகுதுன்னுதான் அவரும் சொன்னாரு."

சண்முகராஜாவின் முகம் கறுத்தது. "வேல நிரந்தரமாகணுங்கிற நெனப்பு இருக்கா?"

"இருக்குங்க."

புரோகிராம் டிஸ்க் இருந்த பெட்டியின் சாவியைப் பிடித்த சிசிலியின் கை விரியவில்லை. என்ன துணிச்சல்!

அதோடு விட்டுவிட்டாரா சிசிலி? ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிக் கிளைக் கந்தோருக்கே போனார். தீபாவளிச் சம்பளம் பிந்தக் கூடாதே!

அங்கிருந்த கிளாக்கர் மனோரஞ்சிதம் சிரித்தார். "மெசின சும்மா வச்சுட்டு மகாராணி பேனா புடிக்க வந்திருக்காங்க!"

"வாய மூடிக்கிட்டு கணக்கக் கூட்டுங்க அக்கா, பொழுது போகுது."

பொழுது சாயும்வரை சேர்ந்து எழுதினார்கள். சம்பளம் பிந்தவில்லை. மாதாமாதம் இப்படி முடியாது என்று மனோரஞ்சிதம் சண்முகராஜாவிடம் சொல்ல, அவர் இரண்டாவது புரோகிராம் வாங்க மேலிடத்துக்கு எழுதினார்.

தைப்பொங்கல் கழிந்து, பிரிக்காத புதுப் பெட்டியைச் சிசிலியின் மேசையில் வைத்தார்.

"இந்தா, வாங்கியாச்சு. போய்ப் போட்டுக் குடு. ஒம் பேரையும் நேத்து அனுப்பிட்டேன்."

சிசிலி பெட்டியைக் கையில் எடுத்தார்.

"போட்டு முடிச்சு இந்த டிஸ்க்கையும் நீயே பூட்டி வையி," என்றார் சண்முகராஜா. "ஒங்கிட்ட இருந்தாத்தான் நானே கேட்டாலும் கெடைக்காது."