மெட்ராஸ் போற வழிதானே

சிரிங்கடா, நல்லா சிரிங்க. ஒரு வேலையில முழுசா ஆறு மாசம் நின்னவன் நம்ம கூட்டத்துல எவனாவது இருந்தா அவன் மட்டும் சிரிக்கலாம். டூர் பஸ்ஸுக்கு ஆள் சேர்க்கறதுன்னா என்னன்னு நினைச்சீங்க? வீட்டுல சும்மா கிடக்கற நாப்பது பேருக்கு, ஒரே வாரத்துல, ஒரே ஊரு மேல ஆசை வர வைக்கணும்.

எமர்ஜென்சி முடிஞ்ச மறுவருஷம். நான் காலேஜ்ல ப்ரீடிகிரியை பாதியில விட்டிருந்தேன். ஒண்ணாந்தேதியில இருந்து மாமாவோட சுக்குக் கிடங்குல உக்காந்து சுக்குத் தோல் சுரண்டணும்னு வீட்டுல முடிவாயிடுச்சு. அப்பத்தான் கொச்சியில மட்டாஞ்சேரி படகு ஜெட்டி பக்கத்துல ஒரு ரூமும் ஒரு பஸ்ஸும் வெச்சிருந்த பாபு சேட்டன் என்னைக் கூப்பிட்டாரு. “தமிழ்க்காரங்களைச் சேர்த்து மெட்ராஸுக்கு ஒரு டூர் விடலாம். நாப்பது சீட்டு நிறைஞ்சா நீதான் கைடு. நிறையலைன்னா வண்டி கிளம்பாது” அப்படின்னாரு. நான் மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டேன். மெட்ராஸ்ல இறங்குவேன், திரும்ப ஏற மாட்டேன். சுக்கை வேற எவனாவது சுரண்டட்டும்.

கடல்

முதல்ல முருகேசண்ணன்கிட்ட போனேன். முனிசிபாலிட்டியில வேலை, காலையில போர்ட் கொச்சி கடற்கரையைக் கூட்டறவரு. மெட்ராஸ்ல என்னடா இருக்குன்னு கேட்டாரு. பெரிய கடற்கரை இருக்குண்ணேன்னேன். அவர் கையில இருந்த விளக்குமாத்தைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. தப்பான ஆளுகிட்ட தப்பான சரக்கை எடுத்துட்டேன்னு புரிஞ்சுது.

சமாளிக்கணும்ல. “இங்க சூரியன் கடல்ல மறையுது. அங்க கடல்ல இருந்து உதிக்கும்ணே. நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க” அப்படின்னேன். அண்ணன் சாயாவைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் யோசிச்சாரு. அப்புறம் சொன்னாரு: “அப்ப அங்கயும் விடியக்காலையில எழுந்திரிக்கணும். நான் வரல.”

பேச்சு

செல்வி அக்கா தேவராவுல நாலு வீட்டுக்குத் துணி தேய்ச்சுக் குடுக்கறவங்க. பொறந்தது, வளர்ந்தது, புள்ளை பெத்தது எல்லாம் இங்கதான். அவங்களுக்கு மெட்ராஸ் பார்க்கணும்னு உண்மையிலேயே ஆசை. அதுக்குன்னே ஒரு நீலப் புடவை மடிப்புக் கலையாம வெச்சிருந்தாங்க. பயம் ஒண்ணுதான். “இங்க வாயைத் தொறந்தா தமிழச்சி, பாண்டின்றான். அங்க வாயைத் தொறந்தா மலையாளத்தாளும்பான். ரெண்டு எடத்துலயும் வெளியூர்க்காரின்னா நான் எங்கடா உள்ளூரு?” அப்படின்னாங்க.

எனக்கும் பதில் தெரியாது. ஆனா தெரியாதுன்னு சொன்னா சீட்டு போயிடும். “அக்கா, பஸ்ல நாப்பது பேரும் உங்களை மாதிரிதான் பேசுவோம். நம்ம கூட்டத்துக்கு நடுவுல மாட்டற மெட்ராஸ்காரன்தான் கூச்சப்படணும்” அப்படின்னேன். அக்கா இஸ்திரிப் பெட்டியில கரியை அள்ளிப் போட்டுக்கிட்டே சொன்னாங்க: “ஆறு சீட்டு எழுதிக்கோ. அங்க பேசறது நீ, தலையாட்டறது நாங்க.”

பத்து நிமிஷம்

நாலு நாள் கழிச்சு முருகேசண்ணன் தானா ஆபீசுக்கு வந்தாரு. பஸ்ஸு சங்கரன்கோவில் வழியா போகுமான்னு கேட்டாரு. அவரோட தம்பி அங்க மாடி வீடு கட்டியிருக்கானாம், கட்டினதுல இருந்து லெட்டர் போடறதில்லையாம். சங்கரன்கோவில் எந்தத் திசையில இருக்குன்னே எனக்குத் தெரியாது. ஆபீஸ் சுவத்துல இருந்தது கேரளா மேப்பு. மலைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு வெறும் மஞ்சள் பட்டை, அதுல ஒரு ஊரு பேரு கிடையாது. “போற வழிதானேண்ணே” அப்படின்னேன்.

அண்ணன் அஞ்சு சீட்டு போட்டாரு. அங்க எவ்வளவு நேரம் நிக்கணும்னு கேட்டேன். ரொம்பத் தெளிவா சொன்னாரு: “பத்து நிமிஷம் போதும்டா. நான் இறங்கணும், அவன் பாக்கணும், நான் ஏறணும்.”

பொண்ணு

சங்கரன்கோவில் விஷயம் ஒரே நாள்ல படகு ஜெட்டி முழுக்கப் பரவிடுச்சு. அது வரைக்கும் மெட்ராஸ் எதுக்குன்னு கேட்டவன் எல்லாம் ஓடி வந்தான். ஒருத்தருக்குப் பழனியில மொட்டை, ஒருத்தருக்கு மதுரையில கொழுந்தியா. எல்லாத்துக்கும் சரின்னேன். சரிங்கற வார்த்தை வாயில இருந்து வழுக்கிட்டு வருது, நான் என்ன பண்ண?

புரோட்டா போடற ராஜா திண்டுக்கல்ல நிறுத்தச் சொன்னான். அங்க அவனுக்குப் பொண்ணு பார்க்கணும். “டேய், பொண்ணு பாக்க ஒரு பஸ்ஸா?” அப்படின்னேன். மாவைப் பிசைஞ்சுக்கிட்டே, ரொம்பப் பொறுமையா விளக்கினான்: “தனியா போனா புரோட்டா மாஸ்டர். நாப்பது பேரோட போனா பெரிய குடும்பம்.”

மேப்பு

நாப்பது சீட்டும் நிறைஞ்ச அன்னைக்கு பாபு சேட்டன் ரூட்டு கேட்டாரு. மஞ்சள் பட்டையில நான் பென்சில்ல பதினொரு புள்ளி வெச்சிருந்தேன், குத்துமதிப்பாத்தான். மெட்ராஸ் பட்டைக்குள்ள அடங்கல, அதனால சுவத்துல சுண்ணாம்பு மேல வெச்சிருந்தேன். சேட்டன் ஒவ்வொரு புள்ளியா விரலால தொட்டு யாரு வீடுன்னு கேட்டாரு. நானும் யாரு வீடுன்னு சொன்னேன். சீட்டு நிறைஞ்சுடுச்சு, அதனால அவருக்கும் வேண்டாம்னு சொல்ல வாய் வரல. திங்கக்கிழமை சாயங்காலம் வண்டி திரும்பி வந்தாகணும், மறுநாள் வேற ஓட்டம் இருக்குன்னு மட்டும் சொன்னாரு. வெளிய போனவரு திரும்பி வந்து, அவருக்குத் தெரிஞ்ச தமிழ்ல கேட்டாரு: “எடா, இது மெட்ராஸ் டூரா, இல்ல கல்யாணத்துக்கு வீடு வீடா விளிக்கப் போறதா?”

தம்பி

வியாழக்கிழமை காலையில கிளம்பினோம். சங்கரன்கோவில்ல முருகேசண்ணன் சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு, கம்பீரமா இறங்கினாரு. வீடு பூட்டியிருந்துது. தம்பி பக்கத்து ஊருக்குப் போயிருக்கான்னாங்க. அண்ணன் திரும்ப ஏறி உக்காந்துட்டாரு. அவரை மட்டும் ஏமாத்த யாருக்கும் மனசு வரல, ஏன்னா அவங்கவங்க ஸ்டாப்பு இனிமேத்தான் இருக்கு. நாலு மணி நேரம் காத்திருந்தோம். தம்பி சைக்கிள்ல வர்றது தெரிஞ்சதும் டிரைவர் ஹாரன் அடிச்சாரு, அண்ணன் மறுபடியும் முதல்ல இருந்து இறங்கினாரு. தம்பி பஸ்ஸை முன்னாடி பின்னாடி பார்த்துட்டுக் கேட்டான்: “ஏண்ணே, கவர்மெண்டு பஸ் கிடைக்கலையா?”

நீலப் புடவை

இப்படி பதினொரு ஸ்டாப்பும் முடிச்சு, ஞாயித்துக்கிழமை காலையில திருச்சியில நின்னோம். இப்ப விட்டா மத்தியானம் மெட்ராஸ், ரெண்டு மணி நேரம் சுத்திட்டுத் திரும்பினா திங்கக்கிழமை சாயங்காலம் கொச்சின்னு டிரைவர் சொன்னாரு. செல்வி அக்கா லாட்ஜ் ரூமுல நீலப் புடவையைக் கட்டிக்கிட்டு வந்து முதல் ஆளா ஏறினாங்க. என் பையில ரெண்டு சட்டை, ஒரு பேண்ட்டு, இனிமே திரும்பி வராதவனோட மொத்த சாமான்.

அப்ப நான் டிரைவர்கிட்ட போயி, துறையூர்ல ஒரு பத்து நிமிஷம் நிறுத்துங்க, போற வழிதானேன்னேன். அங்க எங்க பெரியப்பா மகன் இருந்தான். பேங்க்ல உத்தியோகம். நான் படிப்பை விட்டதுக்கு எங்கப்பாவுக்கு ஆறுதல் சொல்லி லெட்டர் போட்டவன். நான் கழுத்துல கைடு விசிலோட பஸ்ல இருந்து இறங்கறதை அவன் பாக்கணும், அவ்வளவுதான். பார்த்தான். விசிலைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. எல்லாரும் உள்ள வாங்கன்னு சொல்லிட்டான். பெரியம்மா நாப்பது பேருக்கும் உலை வெச்சாங்க. கடைசிப் பந்தி கை கழுவும்போது மணி மூணரை. டிரைவர் வாட்சைப் பார்த்துட்டு வண்டியைக் கொச்சிப் பக்கமா, மேற்கால திருப்பினாரு. கொஞ்ச தூரம் போனதும் செல்வி அக்கா மெதுவா என் தோளைத் தொட்டாங்க. கோபமே இல்லாமத்தான் கேட்டாங்க: “வந்த ரோடு மாதிரி இருக்கே. மெட்ராஸ் போயாச்சாடா?”

ஒண்ணாந்தேதி சுக்குத் தோல் சுரண்ட உக்காந்த நாள்ல இருந்து அந்தப் பதினொரு பேரைத் திட்டித்தான் இந்தக் கதையைச் சொல்லிட்டு வர்றேன், ஆனா மெட்ராஸை முழுங்கினது பன்னெண்டாவது ஸ்டாப்பு, அங்க நிறுத்தச் சொல்லி என்கிட்ட ஒருத்தரும் கேட்கல.