கேட்டால் மறுக்கக்கூடாது

பெயிண்ட் கடைக்கு மேலே இருந்த ஹாலில் சனிக்கிழமைதோறும் ஜோடி நடனம் நடக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம், யாரோடு வேண்டுமானாலும் ஆடலாம் என்று பேர்தான் பெரிய பேர். தையல்காரம்மாவும் வந்தாள். கனத்த உடம்பு, ஐம்பதைத் தாண்டிய வயது, முன்பல் ஒன்று கிடையாது. வந்த புதிதில் மாதக்கணக்கில் சுவரோர நாற்காலியில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தாள். ஒருத்தன் கை நீட்டவேண்டுமே! இவளாகப் போய்க் கேட்டால் ஒருவனுக்குக் கால் வலிக்கும், இன்னொருவனுக்குத் தாகம் எடுக்கும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் நடன சங்கக் கூட்டத்தில் எழுந்தாள். "எல்லாரும் சமம்னு போர்டு மாட்டினா ஆச்சா? என்னை எதுக்கு ஒப்புக்குச் சப்பாணியா வச்சிருக்கீங்க?"

சங்கத் தலைவரம்மா முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கே விதி வந்தது: ஆடக் கேட்டால் யாரும் மறுக்கக்கூடாது. தையல்காரம்மா அதைத் துணியில் பூத்தையலாகப் போட்டுத் தன் கையாலேயே சுவரில் மாட்டினாள். அதற்குப் பிறகு அவள் நாற்காலிப் பக்கம் போகவில்லை. வாரமெல்லாம் ஊரார் கால்சட்டைக்கு மடிப்புத் தைத்ததே சனிக்கிழமையை நினைத்துத்தான். சந்தோஷமென்றால் அப்படியொரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தங்கை மகளையும் கூட்டி வந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை கிடைத்து, பெரியம்மா வீட்டில் தங்கியிருந்த பெண். பாட்டுப் போடுகிற ஸ்பீக்கர்காரன் கண்ணில் பட்டுவிட்டாள். விடுவானா? பாட்டுக்குப் பாட்டு கை நீட்டினான். அவள் எப்படி மறுப்பாள்? பெரியம்மாதான் சுவரில் எழுதி மாட்டியிருக்கிறாளே.

ஒரு சனிக்கிழமை ஆடிவிட்டு வந்தபோது அந்தப் பெண்ணின் கவுனில் இடுப்புத் தையல் விட்டிருந்தது. தையல்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். உடம்பு பெருத்து விட்ட தையல் ஒரு மாதிரி இருக்கும். வெளியிலிருந்து கை பிடித்து இழுத்து விட்டது வேறு மாதிரி. அளவெடுத்தே காலம் தள்ளியவளுக்கா தெரியாது, ஒரு உடம்பில் எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது என்று? நூல் கோத்தாள், தைத்தாள், இஸ்திரி போட்டாள். வாயைத் திறக்கவில்லை.

பெண் திறந்தாள். அடுத்த கூட்டத்தில், எல்லார் முன்னாலும். "அவர் கை வைக்கிற இடம் சரியில்ல. மாட்டேன்னு சொல்லவும் முடியல. அந்த விதியை எடுத்துடுங்க."

ஸ்பீக்கர்காரன் சிரித்தான். ஸ்பீக்கர் அவனுடையது, வாடகையும் கேட்பதில்லை. தலைவரம்மா அவனை விட்டுக்கொடுப்பாளா? "விதியைக் கொண்டுவந்தவங்களையே கேட்டுடுவோம்," என்று தையல்காரம்மா பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான் அவரோட ஆடுறீங்க. உங்ககிட்ட எப்படி?"

விதி போனால் மறுபடி அந்த நாற்காலிதான். தையல்காரம்மா ஒரு தரம் அதைப் பார்த்தாள். தங்கை மகள் பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி மகளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"என்கிட்ட மரியாதையாத்தான் ஆடுவாரு," என்றாள் தையல்காரம்மா.

பொய்யும் இல்லை. அவளை அவன் விரல் நுனியால்தான் பிடிப்பான், ஈரக்குடையைப் பிடிக்கிற மாதிரி.

விதி சுவரிலேயே இருந்தது. பெண் வீட்டுக்கு வந்து சண்டை போடவில்லை, பெட்டியைக் கட்டினாள். "அந்தக் கவுன்ல விட்ட தையலை நீங்கதானே தைச்சீங்க, பெரியம்மா?" என்று மட்டும் கேட்டாள். பெண் கவுனை மடித்து மெஷின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை தையல்காரம்மா தலைவாரி, சென்ட் அடித்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். ஸ்பீக்கர்காரனிடமே கை நீட்டினாள். அவன் மறுக்க முடியுமா? எழுந்து வந்தான். அதே விரல் நுனி. அவள் தோளுக்கு மேலே வாசலையே பார்த்துக்கொண்டு ஆடினான்.

"உங்க தங்கச்சி பொண்ணு வரலையா?"

"இல்ல."

"கோவிச்சுக்கிட்டாங்க போல. அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்களேன்."

அவன் விரல்கள் நழுவப் பார்த்தன. பாட்டு இன்னும் பாதி இருந்தது. தையல்காரம்மா அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுப் பாக்குறேன்," என்றாள்.