பந்து கையில் பட்டது

ஸ்டோர் அண்ணனை நினைத்தால், அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் முதலில் கண்முன் வருகிறது. ஜூரோங்கில் எங்கள் கப்பல் பட்டறைக்குப் பக்கத்தில் இருந்த திடல். கால்பந்தாட்டம் முடிந்ததும் இரண்டு அணிக்காரர்களும் ஒன்றாகக் கூடி, தேநீரும் கறிபாப்புப் பலகாரமுமாக ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டிருப்போம். நடுவரான அவர் மட்டும் திடலின் மறுகோடியில், தூங்குமூஞ்சி மரத்தடியில், வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். ஒருமுறை யாரோ அவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ளவில்லை. "விசில் கழுத்துல கிடக்கிற வரைக்கும் யார் குடுத்தாலும் குடிக்க மாட்டேன்பா. நாளைக்கு உனக்கே கார்டு காட்ட வேண்டி வரும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். தலைக்கனம் பிடித்த மனுஷன் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

பட்டறையின் ஸ்டோரில் கையுறையும் வெல்டிங் கம்பியும் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. அதனால் எல்லாருக்கும் ஸ்டோர் அண்ணன். நடுவர் தேர்வு எழுதித் தேறியவர் பட்டறையிலேயே அவர் ஒருவர்தான் என்பதால், பிரிவுகளுக்கிடையே நடக்கும் வார இறுதி ஆட்டங்களுக்கெல்லாம் அவரே நடுவர். நான் வெல்டிங் பிரிவின் தடுப்பாட்டக்காரன். எனக்குக் கால் ஓரளவு ஓடும். வாய் நன்றாகவே ஓடும். எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்தை உள்ளே எறியும் 'த்ரோ' யாருக்கு என்பதற்குக்கூட அவர் பின்னாலேயே கத்திக்கொண்டு போவேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "ஆடு, பேசாதே" என்பார். அவ்வளவுதான்.

முப்பது வருஷத்துக்கு முந்தைய ஓர் இறுதி ஆட்டம். முடிய இன்னும் இரண்டு மூன்று நிமிடங்கள், கோல் எதுவும் இல்லை. மூலையிலிருந்து உதைத்த பந்து எங்கள் கோலுக்கு முன்னால் வந்து விழுந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே இடத்தில் துள்ளினோம். பந்து என் முழங்கைக்குக் கீழே பட்டுத் திசை மாறி வெளியே போனது. பட்டது எனக்குத் தெரியும். தோல் எரிந்தது. விசில் ஒலித்தது, பெனால்டி. அந்த நொடியே நான் கத்த ஆரம்பித்துவிட்டேன். மார்பில் பட்டது என்று சட்டையைத் தூக்கிக் காட்டினேன். பெற்ற தாயின் மேல் சத்தியம் செய்தேன். என் சத்தத்தைக் கேட்டு எங்கள் அணியே அவரைச் சூழ்ந்துகொண்டது. அவர் அசையாமல் நின்று எனக்குச் சிவப்பு அட்டையைக் காட்டினார். பெனால்டியில் நாங்கள் தோற்றோம்.

அத்தோடு விட்டிருக்கலாம். நாங்கள் விடவில்லை. நடுவர் பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறார் என்று பட்டறையின் விளையாட்டுக் குழுவுக்கு மனு எழுதினோம். முதல் கையெழுத்து என்னுடையது. குழு அவரைக் கூப்பிட்டு, பந்து கையில் பட்டதைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டதாம். இன்னொருவராக இருந்தால், பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார். இவர், "முழுசாப் பாக்கல. முன்னாடி ஆளுங்க மறைச்சிட்டாங்க. பந்து திரும்பின விதத்தை வெச்சுக் குடுத்தேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து வேறு யாரையோ வெளியிலிருந்து நடுவராக வரவழைத்தார்கள். ஸ்டோர் அண்ணன் அதன்பிறகு எந்தத் திடலிலும் விசிலைத் தொடவில்லை. ஸ்டோரில் எனக்குக் கையுறை எடுத்துக் கொடுக்கும்போது மட்டும் என் முகத்தை ஒரு கணம் பார்ப்பார். அவர் தீர்ப்புச் சரியா என்பது உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவனோ கையுறையை வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ என் முன்னால் தேநீர்க் குவளையை வைத்தார்கள். நிமிர்ந்தால் ஸ்டோர் அண்ணன். தலை முழுக்க நரைத்திருந்தது. தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "இப்ப விசில் இல்லல்ல, உனக்கு வாங்கிக் குடுக்கலாம்" என்றார். கொஞ்ச நேரம் பட்டறைக் கதைகள். பிறகு குவளையைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு நான் கண்ணால பாக்கலப்பா. பாக்காம விசில் ஊதினது தப்பு. எல்லார் முன்னாடியும் உனக்குச் சிவப்புக் காட்டிட்டேன். மனசுல வெச்சுக்காதே, மன்னிச்சிடு" என்றார்.

சொல்லியிருக்க வேண்டும். இதைவிட நல்ல நேரம் எவனுக்கும் கிடைக்காது. நான் சொன்னது இதுதான்: "அட, அதனால என்னண்ணே, விடுங்க. விளையாட்டுதானே." பெரிய மனது பண்ணி மன்னித்தவனைப் போலச் சிரிக்கவும் செய்தேன். அவர் வாங்கிக் கொடுத்த தேநீரையும் குடித்து முடித்தேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். கிளம்பும்போது, "கேலாங்குல சிவன் கோயிலுக்குப் பின்னாடி இருக்கிற பிளாக்குதான். நாலாவது மாடி, படிக்கட்டை ஒட்டின வீடு. ஒரு நாள் வா" என்றார். கண்டிப்பா வரேன் அண்ணே என்றேன். போகவில்லை. போகாததற்கு முதலில் வேலை காரணமாக இருந்தது, பிறகு மனைவியின் நோய் காரணமாக இருந்தது. அவளும் போன பிறகு, சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லாமல் போகாதிருந்தேன்.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் ஈசூனில் எங்கள் பிளாக்குக்குக் கீழே உள்ள கோப்பிக் கடையில் உட்கார்ந்து இங்கிலாந்து ஆட்டங்களைப் பார்க்கிறேன். வீட்டிலும் டிவி இருக்கிறது. சேர்ந்து திட்டப் பக்கத்தில் ஆள் இல்லை, அதுதான் குறை. கடையில் என் மேசைக்கு வருபவர்கள் இரண்டு பேர்: ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர், கணினி வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன். ஆட்டத்தைவிட நடுவரைப் பற்றித்தான் பேச்சு அதிகம். போன மாதம் ஒரு பெனால்டிக்காக ஆட்டக்காரர்கள் நடுவரை வளைத்துக்கொண்டு கத்தினார்கள்.

"கேப்டன் மட்டும்தான் பேசணும்னு ரூல் இருக்கு லா. எல்லாருக்கும் கார்டு குடுக்கணும்" என்றான் இளைஞன்.

"அதெப்படி? நியாயம் இருக்கிறவன் கத்தத்தான் செய்வான். தப்புப் பண்ணவன் எதுக்குக் கத்தப் போறான்?" என்றார் பஸ்காரர்.

"தப்புப் பண்ணவன்தான் கூடுதலாக் கத்துவான்" என்றேன். ஏதோ வேடிக்கை சொன்னதுபோல் இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குள் திரையில் அதை மெதுவோட்டத்தில் மறுபடியும் காட்டினார்கள். எல்லாரையும்விட உரக்கக் கத்தியவனின் கையில்தான் பந்து பட்டிருந்தது. "பாருங்க அங்கிள், என்னமா நடிக்கிறான். ரெஃப்ரிதான் பாவம்" என்றான் இளைஞன். அந்தப் பாவம் என்ற சொல்லைக் கேட்டதும் கோப்பிக் குவளையைத் தள்ளி வைத்துவிட்டேன். அந்த ரெஃப்ரிக்கு ஒரு நிமிடத்தில் விடை கிடைத்துவிட்டது. ஸ்டோர் அண்ணனுக்கு இருந்த ஒரே கேமரா நான்தான். முப்பது வருஷம் மூடியே கிடந்தேன்.

மறுநாள் காலையில் ரயிலேறிக் கேலாங்குக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னால் உள்ள பிளாக், நாலாவது மாடி, படிக்கட்டை ஒட்டின வீடு. ஒன்றையும் நான் மறந்திருக்கவில்லை. கதவு திறந்திருந்தது, வெளியே இரும்பு கேட் பூட்டியிருந்தது. கூப்பிட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உட்காரும் வரைகூட எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அன்னைக்குப் பந்து என் கையிலதான் பட்டுச்சு. நீங்க குடுத்தது சரி" என்று கேட்டுக்கு வெளியே நின்றபடியே சொல்லிவிட்டேன்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "தெரியும்ப்பா" என்றார்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"கடையில அன்னைக்கு மன்னிப்புக் கேட்டேன்ல, அப்பத்தான் தெரிஞ்சுது. த்ரோவுக்கெல்லாம் கத்துற ஆளு நீ. நியாயம் உன் பக்கம் இருந்திருந்தா அன்னைக்கு மேசையைத் தட்டி என்னை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பே. விடுங்கண்ணேன்னு சிரிச்சே பாரு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அதான் வீட்டு அடையாளம் சொன்னேன். நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன். என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லி வெச்சிருந்தேன், ஒருத்தன் வருவான், வந்தா நல்லாச் சமைச்சுப் போடணும்னு. அவ போயி மூணு வருஷம் ஆச்சு."

கேட்டின் சாவி அவருக்குப் பக்கத்தில், சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர் கை அதன் பக்கம் போகவில்லை. குரலில் கோபமே இல்லை.

"சரிப்பா. வெயில் ஏறுறதுக்குள்ள பாத்துப் போ" என்றார்.

அவருடைய தீர்ப்பை எதிர்த்து நான் ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பி நடந்தது அன்றுதான்.