தெருவை அடைத்துப் போட்ட கோலம்

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமாகி வில்லியனூர் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு நான் வந்த புதிது. எங்கள் தெருமுனையில் ஒரு குளம். அதற்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் சாயப்பட்டறைக்காரர்கள் கழிவைத் திறந்துவிட, குளம் நாளுக்கொரு நிறமாக மாறிக்கொண்டிருந்தது. மனு மேல் மனு கொடுத்தோம். பார்வையிட வரும் அதிகாரியோ ஜீப்பை விட்டு இறங்காமல் எங்கள் தெருவழியே நேராகப் பட்டறைக்குப் போய், டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

எதிர்வீட்டு அக்கா மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனால் மார்கழிக் கோலத்தில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். குளத்துத் தண்ணீரைக் குடித்து அவருடைய கன்றுக்குட்டி செத்துப்போன அதே வாரம், அதிகாரி மறுபடி வருகிறார் என்று தெரிந்தது. விடியற்காலையில் தெருப் பெண்களையெல்லாம் அக்கா கூட்டிவிட்டார். குளக்கரை வரைக்கும் தெருவை அடைத்து ஒரே கோலம் போடவேண்டும். குளம் கெட்டதால் யாருக்கு எது போயிற்றோ, அவரவர் அதைப் போடவேண்டும். இதுதான் அவர் யோசனை.

ஒருத்தி கெண்டை மீன் போட்டாள், ஒருத்தி நாரை. எனக்கோ புள்ளி வைத்தாலே கை கோணிக்கொள்ளும். மாவுக் கிண்ணத்தோடு முழித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாடி நிக்கற? நீ வந்தப்ப கொளத்துல இன்னா பாத்த?"

"அல்லிப்பூக்கா."

"அப்ப அத்தப் போடு. கோணலா இருந்தா இருந்துட்டுப் போவுது."

போட்டேன். பூசணிக்காய் மாதிரி வந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் கன்றுக்குட்டியைப் போட்டார். கண்ணை மட்டும் இரண்டு முறை அழித்து அழித்துப் போட்டார்.

ஜீப் வந்தது. கோலம் ஆரம்பித்த இடத்திலேயே டிரைவர் நிறுத்திவிட்டார். அதிகாரி அதட்டியும் அசையவில்லை.

"பொம்பளைங்க போட்ட கோலத்து மேல எப்பிடி சார் வண்டிய வுடறது?"

வேறு வழியில்லாமல் அதிகாரி இறங்கி, கோலத்தை மிதிக்காமல் ஓரமாகவே நடந்தார். கோலம் அவரைக் குளக்கரையில் கொண்டுபோய் நிறுத்தியது. மூக்கைப் பொத்திக்கொண்டு, நிறம் மாறிய தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்.

அந்த மாதமே கழிவுக் குழாயை அடைத்துவிட்டார்கள். ஆனால் தண்ணீர் தெளிய இரண்டு மழைக்காலம் பிடித்தது. அதற்குள் அக்கா குடும்பம் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டது. முதல் அல்லி பூத்ததைப் பார்த்ததும், சொல்லலாம் என்று எதிர்வீட்டுக்கு ஓடினேன். கதவில் பூட்டு தொங்கியது. இத்தனை நாளாகத் தெரிந்த விஷயம்தான், அன்றைக்கு அங்கேயே நின்று அழுதேன்.

என் அல்லி இன்றைக்கும் பூசணிக்காய் மாதிரிதான் வருகிறது. குளம் திரும்பி வந்துவிட்டது, அதை மீட்டுக் கொடுத்த அக்காதான் வரவில்லை. அதனால் ஒவ்வொரு மார்கழியும் என் பூவுக்குப் பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டிக்கு இடம் விட்டுவைக்கிறேன்.